பிறர் வீட்டுப் படியைத் தேய்த்த பெண்கள்: அவர்கள் வேலையும் வீடும்

கேள்வி இதுதான்: அந்தக் காலத்தில் பிறர் வீட்டையும் அலுவலகத்தையும் சுத்தம் செய்து பிழைத்த பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்? வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள்?

எல்லா நாட்டையும் எல்லாக் காலத்தையும் ஒரே பதிலில் அடக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இங்கிலாந்தில் இருந்த நிலைமை பற்றி நிறையப் பதிவுகள் இருக்கின்றன. அதை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். நடுவில் அமெரிக்காவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டு வேலைக்காரப் பெண் என்றதும் பலர் நினைப்பது வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் அணிந்து, மாளிகையில் தட்டேந்தி நிற்கும் இளம்பெண்ணை. அன்றைய இங்கிலாந்தில் பெண்களுக்கு மிக அதிகமாகக் கிடைத்த வேலை வீட்டுப் பணி என்பது உண்மைதான். 1900 வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மாளிகையில் இல்லை. சாதாரண நடுத்தரக் குடும்பத்தில் ஒற்றை ஆளாக எல்லா வேலையும் பார்த்தவர்கள். கல்யாணமாகாதவர்கள், எஜமானர் வீட்டிலேயே தங்கியவர்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்தால், கல்யாணம் நிச்சயமானதும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கணவன், குழந்தை உள்ள பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ள எந்த எஜமானியும் சம்மதிக்க மாட்டாள்.

அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள்? அங்கேதான் இரண்டாவது வகை வருகிறது. கணவனுக்கு வேலை போனாலோ, அவன் நோயில் படுத்தாலோ, செத்தாலோ, சொல்லாமல் ஓடிப்போனாலோ, அவள் மறுபடி வாளியும் தூரிகையும் எடுப்பாள். இந்த முறை நாள்கூலிக்கு. காலையில் வந்து, தரை தேய்த்து, துணி துவைத்து, மாலையில் காசு வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவாள். இவர்களைத்தான் ஆங்கிலேயர்கள் ‘சார்வுமன்’ என்றார்கள். 1911 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இப்படிப் பதிவாகியிருக்கிறார்கள். பதிவாகாதவர்கள் எத்தனை பேரோ. கல்யாணமான பெண் வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போனால் அதைத் தொழில் என்று எழுதிக்கொள்ளக் கணக்கெடுப்பவர்களுக்கும் தோன்றவில்லை, வீட்டுக்காரனும் சொல்லவில்லை.

ஆக, பல நேரங்களில் இரண்டு வகையும் ஒரே பெண்தான், வயதுதான் வேறு. இந்தப் பெண்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இது: அவர்கள் எந்த நேரத்தில் வேலை பார்த்தார்கள், எவ்வளவு கூலிக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்தது வீட்டில் இருந்த குழந்தைகள்தான்.

முதலில் வேலை. அதைப் பற்றி வேலை செய்தவரே எழுதி வைத்தது மிகக் குறைவு. ஹன்னா கல்விக் என்ற பெண் அதற்கு அபூர்வ விதிவிலக்கு. 1833இல் பிறந்து, எட்டு வயதில் வேலைக்கு வந்தவர். 1850களிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு நாட்குறிப்பு எழுதினார். 1860 ஜூலை 14ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள். ஜன்னல் கதவுகளைத் திறந்து, சமையலறையில் நெருப்பு மூட்டுகிறார். கரி படிந்த துணிகளைக் குப்பைத் தொட்டியில் உதறுகிறார். அறைகளையும் கூடத்தையும் கூட்டித் துடைக்கிறார். பூட்ஸ் துடைக்கிறார். படுக்கையைச் சரிசெய்து, அறைகளில் இருந்த கழிவுப் பாத்திரங்களைக் கொட்டுகிறார். வெள்ளிச் சாமான்களையும் கத்திகளையும் தேய்க்கிறார். அப்புறம் முட்டி போட்டு வாசல் படியையும் தெருவோரக் கல்தளத்தையும் கழுவுகிறார். இத்தனைக்கும் நடுவில் எல்லோருக்கும் சாப்பாடு. இது விசேஷ நாள் இல்லை, வழக்கமான ஒரு சனிக்கிழமை.

அந்த வீடுகளில் இவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்தது? நிலக்கரிதான் காரணம். சமையலும் குளிர்காய்வதும் வெந்நீரும் எல்லாமே நிலக்கரியில். காலையில் சாம்பல் அள்ள வேண்டும், கரி வாளியை மாடிக்குத் தூக்க வேண்டும், கணப்பின் இரும்புக் கம்பிகளுக்கு கிராஃபைட் கலந்த கறுப்பு மசியைப் பூசிப் பளபளக்கத் தேய்க்க வேண்டும். கம்பளங்களில் ஈரமான பழைய தேயிலைத் தூளைத் தூவிக் கூட்டுவார்கள், தூசி பறக்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். வாசல் படியைக் கழுவிவிட்டு ஒரு வகை மென்கல்லால் வெள்ளையாகத் தேய்ப்பார்கள். அரை மணி நேரத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள், மறுநாள் மறுபடி தேய்க்க வேண்டும். படியைப் பார்த்துத்தான் அந்த வீட்டின் யோக்கியதையைத் தெரு எடைபோட்டது. அதனால், வேலைக்காரி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள்கூட, சனிக்கிழமைகளில் படி தேய்க்க மட்டும் ஒரு சிறுமிக்குச் சில்லறை கொடுத்தார்கள்.

சோப்புக்கு 1853 வரை அரசு வரி போட்டிருந்தது. அதனால் தரைக்கு மணலும் சலவை சோடாவும்தான். சோடா கலந்த வெந்நீரில் நாள் முழுக்கக் கை ஊறினால் தோல் வெடித்து ரத்தம் கசியும், குளிர்காலத்தில் ஆறவே ஆறாது. முழங்கால் சில்லுக்கு முன்னால் நீர் கட்டி வீங்குவதற்கு மருத்துவர்களே ‘பணிப்பெண் முழங்கால்’ என்று பெயர் வைத்தார்கள். 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அது குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். அடுத்த ஆண்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் கம்பளத்தை அது சுத்தம் செய்தது. முழங்காலில் நின்று தரை தேய்த்தவர்களுக்கு அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை.

கூலி விஷயம். ஒற்றை ஆளாக எல்லாம் செய்யும் பணிப்பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு தரலாம் என்று 1861இல் வந்த ஒரு புகழ்பெற்ற இல்லறக் கையேடு பரிந்துரைத்தது. சோறும் கூரையும் உண்டு என்பதால் இந்தக் கணக்கு. நாள்கூலிப் பெண்ணுக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஷில்லிங், கூடவே அன்றைய சாப்பாடு. இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியானால் நாள்கூலிப் பெண்தான் அதிகம் சம்பாதித்தாள் போலத் தெரியும். ஆனால் வாரம் முழுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். திங்கள் ஒரு வீட்டில் துணி துவைப்பு, வியாழன் இன்னொரு வீட்டில் தரை, மழை பெய்தாலோ வீட்டுக்காரி ஊருக்குப் போனாலோ ஒன்றும் இல்லை. வாடகையும் பிள்ளைகள் சாப்பாடும் இந்தக் கூலியிலிருந்துதான்.

சாப்பாடு கூலியில் சேர்த்தி என்பதில் ஒரு வேதனை இருக்கிறது. இவள் அங்கே ரொட்டியும் இறைச்சியும் சாப்பிடுவாள், வீட்டில் பிள்ளைகள் வெறும் ரொட்டியோடு இருப்பார்கள். அதனால் தன் பங்கில் பாதியைத் துணியில் சுற்றிக்கொண்டு போவது சகஜம். ஒரு முறை கொதித்த தேயிலை, இறைச்சியிலிருந்து உருகிய கொழுப்பு, காய்ந்த ரொட்டி இதெல்லாம் சில வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். சில வீடுகளில் அதையே திருட்டு என்பார்கள். எது இனாம், எது களவு என்பது எஜமானியின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

நகரங்களில் வங்கிகளும் கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் பெருகப் பெருக, இந்தப் பெண்களில் பலர் வீடுகளை விட்டு அலுவலகத் துப்புரவுக்கு மாறினார்கள். விடியற்காலையில் இருட்டோடு வந்து, குமாஸ்தாக்கள் வருவதற்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும். சில இடங்களில் மாலையிலும் ஒரு சுற்று உண்டு. தொழிலாளர்களுக்காக அதிகாலையில் மலிவுக் கட்டண ரயில் விட வேண்டும் என்று 1883இல் சட்டம் வந்தது, டிராம்களிலும் அப்படிச் சலுகை இருந்தது. முதல் வண்டிகளில் ஆண்களோடு இந்தப் பெண்களும் இருந்தார்கள். இந்த நேரம் கொடுமையானதுதான், ஆனால் வேண்டி எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்கலாமே! காலைக் கஞ்சி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகலில் சொந்த வீட்டு வேலை, கிடைத்தால் இன்னொரு வீட்டில் அரை நாள், மறுபடி மாலையில் அலுவலகம்.

இனி வீடு. தாய் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சில்லறை கொடுத்து விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தைகள் காப்பகம் இருந்தது, ஆனால் அரிது. 1871இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் மேரி ஹில்டன் என்பவர் தொடங்கிய காப்பகம் முன்னோடிகளில் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பொறுப்பு மூத்த மகள் தலையில்தான் விழுந்தது. 1880 முதல் பத்து வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயம். ஆனாலும் அம்மாவின் வேலை நாளிலும் துணி துவைக்கும் நாளிலும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததை வருகை அதிகாரிகள் பல நேரம் கண்டும் காணாமல் விட்டார்கள். பையன் வராவிட்டால் கேட்ட அளவுக்குப் பெண் வராததைக் கேட்கவில்லை. தாய் பிறர் வீட்டைச் சுத்தம் செய்ததற்கு அந்தப் பெண் தன் படிப்பைக் கொடுத்தாள், பத்துப் பன்னிரண்டு வயதில் அவளும் எங்காவது வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கணவன்மார் பற்றி ஒரே மாதிரி சொல்ல முடியாது. துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் தினக்கூலிக்கு நின்றவர்கள் பலர். குளிர்காலத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது, அப்போது மனைவியின் காசில்தான் அடுப்பு எரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 1870 வரை மனைவி சம்பாதித்த காசு சட்டப்படி கணவனுடையது. அந்த ஆண்டு வந்த சட்டம்தான் அவள் கூலி அவளுக்கே சொந்தம் என்றது. கணவன் குடித்து அழிக்கும் வீட்டில் இந்தச் சட்டத்தால் என்ன பயன் கிடைத்திருக்கும் என்பது வேறு கதை, காசு எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம்.

வாரக் கணக்கு அடகுக் கடையைச் சுற்றி ஓடியது. திங்கட்கிழமை கணவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அடகு வைத்து, சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்பார்கள். சோற்றுக்கே தட்டுப்பாடு இருந்தபோதும், குடும்பத்தில் ஒவ்வொருவர் பேரிலும் வாரம் ஒரு பென்னி ஈமச்சடங்குக் காப்பீட்டுக்குப் போகும். அநாதைப் பிணமாகப் புதைக்கப்படுவதை விடப் பெரிய அவமானம் அவர்களுக்கு இல்லை. வசதியுள்ளவர்கள் இதை ஊதாரித்தனம் என்று கண்டித்தார்கள். குழந்தைச் சாவு அவ்வளவு சாதாரணமாக இருந்த தெருவில் இது ஊதாரித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

விதவைகள் நிலை எல்லாவற்றையும் விட மோசம். நாள்கூலிப் பெண்களில் அவர்கள் கணிசமானவர்கள். 1834க்குப் பிந்தைய ஏழைச் சட்டப்படி உதவி கேட்டால் வாரம் சில ஷில்லிங்கும் கொஞ்சம் ரொட்டியும் கிடைக்கலாம். மிச்சத்தை அவள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். 1870களில் அதையும் குறைத்தார்கள். காசுக்குப் பதிலாக, பிள்ளைகளில் ஓரிருவரை ஏழைச் சட்டப் பள்ளி விடுதியில் சேர்த்துக்கொள்கிறோம், மற்றவர்களை நீ உழைத்துக் காப்பாற்று என்றார்கள். எந்தப் பிள்ளையை அனுப்புவது என்று தாய் முடிவு செய்ய வேண்டும். அரசை விட அக்கம்பக்கத்தார் மேல் என்று சொல்லலாம். புருஷனை இழந்தவளுக்குத் தெருவே காசு திரட்டி, துணி பிழிந்து மடிக்க உதவும் உருளை இயந்திரம் ஒன்றை வாங்கித் தருவது வழக்கமாக இருந்தது. அதை வைத்து வீட்டிலிருந்தே பிழைத்துக்கொள்ளலாம். முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில்தான் தொடங்கியது, 70 வயதானால் வாரம் 5 ஷில்லிங். காப்பீடு கட்டிய ஆண்களின் விதவைகளுக்கு வாரம் 10 ஷில்லிங் தரும் சட்டம் 1925இல் வந்தது.

இந்தப் பெண்களில் ஒருவர் பெயர் வரலாற்றில் பளிச்சென்று நிற்கிறது. கிட்டி வில்கின்சன். அயர்லாந்தில் பிறந்து லிவர்பூலுக்கு வந்தவர். முதல் கணவர் மாலுமி, கடலில் மாண்டார். வீட்டு வேலையும் சலவையும் செய்தே பிள்ளைகளை வளர்த்தார். 1832இல் காலரா வந்தபோது அந்தத் தெருவில் துணி கொதிக்க வைக்கும் கொப்பரை இவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. நோயாளிகளின் துணியையும் படுக்கை விரிப்பையும் அங்கேயே கொண்டுவந்து துவைத்துக்கொள்ளச் சொன்னார், வாரம் ஒரு பென்னி கொடுத்தால் போதும் என்றார். நோய்க்குக் கிருமிதான் காரணம் என்ற கொள்கை இன்னும் வராத காலம் அது. கொதிக்கிற தண்ணீர் நோயைத் தடுக்கும் என்பது அழுக்கோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. 1842இல் லிவர்பூல் ஃபிரெடரிக் தெருவில் பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறந்தார்கள், பின்னர் அதன் பொறுப்பு கிட்டிக்கும் அவர் கணவருக்கும் வந்தது. ஊர்தோறும் இப்படிக் கட்ட வழி செய்யும் சட்டம் 1846இல் நிறைவேறியது.

கிட்டிக்கு மரியாதை கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது கேலிச்சித்திரம்: ஜின் மது நாற்றமடிக்கும், கையில் எது கிடைத்தாலும் ஏப்ரனில் மறைக்கும் கிழவி. இது யாருடைய கண்ணில் பட்ட சித்திரம் என்று யோசிக்க வேண்டும். ஹன்னா கல்விக் 1873இல் ஆர்தர் மன்பி என்ற கனவானை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். வெளியார் முன்னால் அவர் வீட்டில் வேலைக்காரியாகவேதான் இருந்தார். தரை தேய்க்கும் பெண் கனவானின் மனைவியாக இருக்க முடியும் என்று அந்தச் சமூகத்துக்குச் சொல்ல இருவராலும் முடியவில்லை.

இப்போது அமெரிக்கா. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு நாள்கூலி வேலை போராடிப் பெற்ற ஒன்று. வெள்ளையர் வீட்டிலேயே தங்கியிருந்தால் இரவு பகல் கிடையாது, சொந்தப் பிள்ளைகளைப் பார்ப்பதே அரிது. தெற்கிலிருந்து வாஷிங்டன் போன்ற நகரங்களுக்கு வந்தவர்கள் மெல்ல மெல்லத் தங்கும் வேலையை விட்டு, வந்துபோகும் வேலைக்கு மாறினார்கள். வேலை உடுப்பைச் சுமந்த பையை ‘சுதந்திரப் பை’ என்றே அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் சொந்த அடுப்பில் சமைக்கவும் முடிந்ததே, அதற்காக. ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்தில் அதே பை வேறு அர்த்தம் பெற்றது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் காகிதப் பையோடு பெண்கள் காலையில் நின்றார்கள். வீட்டுக்காரிகள் வந்து பார்த்து, பேரம் பேசி அழைத்துப் போனார்கள். மணிக்கு 15 முதல் 30 சென்ட். அந்த முனைகளுக்கு ‘அடிமைச் சந்தை’ என்று பெயர் விழுந்தது. எல்லா பேக்கர் (Ella Baker), மார்வல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 1935இல் நேரில் போய்ப் பார்த்து எழுதினார்கள். அதே ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவில்லை. 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் விட்டுவிட்டது. 1974இல்தான் அந்தக் கூலி அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது.

இங்கிலாந்திலும் சட்டங்கள் இப்படித்தான் அவர்களைத் தாண்டிப் போயின. 1920 வேலையின்மைக் காப்பீட்டில் தனியார் வீட்டுப் பணி சேரவில்லை. முதல் உலகப் போரில் ரயில் பெட்டிகளையும் தொழிற்கூடங்களையும் சுத்தம் செய்யப் பெண்களை அழைத்தார்கள், போர் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வீட்டு வேலை கிடைத்தும் மறுத்தவர்களுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகையை நிறுத்தினார்கள். ஆனாலும் தங்கி வேலை செய்யும் பழக்கம் திரும்பப் பழைய நிலைக்கு வரவில்லை, இரண்டாம் போருக்குப் பிறகு கிட்டத்தட்ட மறைந்தே போனது. நாள்கூலிப் பெண்தான் மிஞ்சினார், வீட்டுக்குப் பதில் பெரும்பாலும் அலுவலகக் கட்டடங்களில், ஒப்பந்தக்காரரின் கீழ்.

1970களின் தொடக்கத்தில் மே ஹாப்ஸ் என்ற துப்புரவுப் பெண் லண்டனின் இரவுத் துப்புரவுப் பெண்களைச் சங்கத்தில் சேர்க்க இறங்கினார். 1972இல் ஃபுல்ஹாமில் பாதுகாப்பு அமைச்சகம் இருந்த எம்ப்ரஸ் ஸ்டேட் கட்டடத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கத்துக்கு அங்கீகாரமும் கூலி உயர்வும் கேட்டார்கள். பகல் வேலைக்குப் போகாமல் ஏன் இரவு வேலையைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டபோது அவர்களில் பலர் சொன்ன காரணம் பிள்ளைகள்தான். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, காலையில் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தால் மறுபடி சமையல்.